காலண்டர் தாளின் முன்பக்கம்

2016 ஜூனில் எங்கள் தொகுப்பு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட ஆரம்பித்தோம். அப்போது மூன்று சாக்குப் பழைய காகிதத்தை எடைக்குப் போட்டவள் நான்தான். எம்.ஏ. முடித்த புதிது, எது முக்கியம் எது குப்பை என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. பாடப் புத்தகங்கள், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். மிச்சத்தைத் தராசில் ஏற்றினார் பேப்பர் கடை அண்ணன். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாச்சியிடம், “இந்தச் சாக்குல உன் தாளெல்லாம் கெடக்கு, வேணுமா?” என்று கேட்டேன். “கோலந்தான தாயி, போட்டுட்டுப் போ” என்றார். கிலோ எட்டு ரூபாய் கிடைத்தது.

அந்தச் சாக்கில் இருந்தவை அவர் பல ஆண்டுகளாக வரைந்த படங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள், சிமெண்ட் மூட்டையின் காகிதம், கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், தேர்தல் நோட்டீஸ், மல்லிகைப்பூ பொட்டலமாக வந்த செய்தித்தாளின் ஓரம், என் அண்ணன் எழுதாமல் விட்ட கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் என்று எது கையில் கிடைத்ததோ அதில் வரைந்திருந்தார். கரித்துண்டு, பென்சில் கட்டை, மை தீரப்போகும் ரீபிள் ஆகியவைதான் கருவிகள். நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போய் வந்து, உலை வைத்துவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து போட்டவை அவை. சின்ன வயதில் நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது, கண்ணில் பட்டிருக்கின்றன.

2020 ஊரடங்கின்போது ஆய்வு வேலைக்காக வீட்டில் முடங்கிக் கிடந்த நாளில், நான் பத்திரப்படுத்திய அதே தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவினேன். கீழே பதினொரு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டியின் துரு சான்றிதழ்களில் ஏறாமல் இருக்கட்டும் என்று அம்மாச்சியே விரித்து வைத்தவை. என் ஆவணங்களைக் காப்பாற்றத் தன் படங்களைக் கீழே போட்டிருக்கிறார்.

அதன்பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். ஏன் வரைந்தாய், எங்கே கற்றாய் என்று. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“பண்ண வீட்டுக்கு விடியக்காலம் போவணும். சாணி கரைச்சுத் தெளிக்கிறது நானு. வாசல் பெருக்குறது நானு. மாவுக் கிண்ணத்த மட்டும் தொடக் கூடாது. புள்ளி வெக்கிறதுக்கு அந்த வீட்டுப் பொம்பளைக வருவாக. நான் தொழுவத்து ஓரமா நின்னு பாப்பேன். பாத்ததக் கண்ணுலயே முடிஞ்சுக்கிட்டு வந்துருவேன். வீட்ல வந்து போட்டுப் பாப்பேன். அவுக பதினஞ்சு புள்ளி வெச்சா நானும் பதினஞ்சு வெப்பேன். அவுக ஒரு எடத்துல தப்பா இழுத்துருந்தா எனக்குத் தெரியும்.”

நம் வாசலிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்டதற்குச் சிரித்தார். “வாசல்னு ஒண்ணு இருந்தாத்தான? மாவுக்கு அரிசி எங்க போறது? காயிதந்தான் சும்மா கெடந்துச்சு.”

இந்தப் பதிலை எத்தனையோ முறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். வாசல் தெளிப்பது சேரிப் பெண்ணின் வேலை, கோலம் அந்த வீட்டுப் பெண்ணின் லட்சுமிகரம். தரையைத் தயார் செய்யும் கை ஒன்று, அதில் அழகு செய்யும் கை வேறொன்று. மார்கழி மாதப் பத்திரிகைகள் கோலத்தைத் தமிழ்ப் பெண்களின் கலை என்று எழுதும்போது இந்த இரண்டாவது கையை மட்டும்தான் படம் எடுக்கின்றன. முதல் கை அதைப் பார்த்து, எண்ணி, மனதில் தூக்கிக்கொண்டு போய், காகிதத்தில் இறக்கி வைத்தது யாருக்கும் தெரியாது. என் அம்மாச்சி செய்தது ஒரு திருட்டு. நான் பெருமையாகச் சொல்லும் திருட்டு.

கோலத்துக்குள் கணிதம் இருப்பதை உலகம் ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. 1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு சிறு வடிவத்தில் தொடங்கி, ஒரு சில விதிகளை மறுபடி மறுபடி செலுத்தினால் எவ்வளவு பெரிய கோலமும் வளர்ந்துவிடும் என்பது அதன் சாரம். அருமையான வேலை அது. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, பதினைந்து புள்ளிக் கோலத்தைத் தொழுவத்து ஓரத்தில் நின்று ஒரே பார்வையில் மனதில் ஏற்றிக்கொண்டவர், அந்த விதியைத்தான் பிடித்திருக்க வேண்டும் என்பது. முழுப் படத்தையும் யாராலும் அப்படித் தூக்கி வர முடியாது, விதியைத் தெரிந்தவரால் முடியும். பள்ளிக்கூடத்தின் உள்ளே போகாத ஒருவர்.

இந்தப் பதினொரு தாள்களைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசினேன். பேசி முடித்ததும் மூத்தவர் ஒருவர் எழுந்தார். “நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதை ஆவணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? எழுத்து இல்லை, தேதி இல்லை, பெயர் இல்லை.” அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம், அது ஆய்வாளருக்கு அழகில்லை என்று வேறு யாரோ பின்னால் சொன்னார்கள்.

பதில் அன்று இரவு பேருந்தில் வந்தது. தாளைத் திருப்பினால் தேதி இருக்கிறது. பதினொன்றில் நான்கு காலண்டர் தாள்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் தேதி, தமிழ் மாதம், கிழமை, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், அடியில் காலண்டர் அச்சடித்துக் கொடுத்த கடையின் பெயர் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தேதிக்கு முன்னால் இந்தப் படம் வரையப்பட்டிருக்க முடியாது. எந்தக் கடையில் இந்தக் குடும்பம் வாடிக்கை வைத்திருந்தது, அல்லது யார் வீட்டுக் காலண்டரின் கிழித்த தாள் இங்கே வந்து சேர்ந்தது என்று விசாரிக்க முடியும். இன்னொன்று சட்டமன்றத் தேர்தல் நோட்டீஸ். எங்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாய் வரும் என்று அதில் வாக்குறுதி இருக்கிறது. வாக்குறுதியின் பின்னால் அம்மாச்சி ஒரு கம்பிக் கோலம் போட்டிருக்கிறார், அடிக்குழாய் இருக்கும் இடத்தில் சரியாக மை ஊறியிருக்கிறது. எந்தச் சுவடியில் இத்தனை சேதி இருக்கும்? நாங்கள் எல்லோரும், நான் உட்பட, ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பீகார். மிதிலை ஓவியம் என்று நாம் கைவினைக் கண்காட்சிகளில் பார்ப்பது, மதுபனிப் பகுதி வீடுகளின் மண் சுவர்களில் பெண்கள் வரைந்தது. 1934 நிலநடுக்கத்தில் சுவர்கள் விழுந்தபோது, அங்கே அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் உள்சுவர்களில் அந்த ஓவியங்களைக் கண்டார், 1949இல் ‘மார்க்’ இதழில் எழுதினார். அவர் எழுதியது பெரும்பாலும் பிராமண, காயஸ்தர் வீடுகளைப் பற்றித்தான். பிறகு 1960களின் நடுவில் கடும் வறட்சி. பெண்களுக்கு ஏதாவது வருமானம் வரட்டும் என்று புபுல் ஜெயகர் தலைமையில் இருந்த கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரிடம் காகிதம் கொடுத்து அனுப்பியது. சுவரில் இருந்தது தாளுக்கு வந்தது. தாள் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போனது.

அந்தத் தாள் ஜித்வார்பூரின் துசாத், சமார் பெண்களுக்கும் வந்தபோது ஒரு சிக்கல். ராமன் சீதை, கிருஷ்ணன் ராதை எல்லாம் மேல்சாதிப் பெண்களின் கைவசம் இருந்த உருவங்கள். அப்போது 1970களில் அங்கே வந்திருந்த எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானிடவியலாளர், உங்களிடம் இருப்பதை வரையுங்கள் என்று அந்தப் பெண்களை ஊக்கினார். அவர்களிடம் இருந்தது கை கால்களில் குத்தியிருந்த பச்சை. இந்தியில் ‘கோத்னா’. சானோ தேவி தன் உடம்பில் இருந்த அந்தக் கோடுகளையும் வட்டங்களையும் பூ வரிசைகளையும் காகிதத்தில் இறக்கினார். நாயகன் சல்ஹேஷ் வந்தார், ராகு வந்தார். சமார் பெண்ணான ஜமுனா தேவி காகிதத்தில் சாணிக் கரைசலைப் பூசி அதன்மேல் வரையும் முறையைக் கொண்டுவந்தார். சாணி தெளித்த கை இங்கே சாணியையே ஓவியத்தின் தரையாக்கிவிட்டது. அந்தப் பெயரைப் படித்த நாளில் நான் அம்மாச்சிக்குப் போன் போட்டேன்.

(துசாத் மக்களின் வழிபாட்டில் ராகு முக்கியமான தெய்வம், அவருக்காகத் தீ மிதிக்கிறார்கள். நம் காலண்டரில் தினமும் ஒன்றரை மணி நேரத்தை ஆகாத நேரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதே ராகு. யாருக்கு ஆகாது என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.)

இன்னொருவர் துலாரி தேவி. மீனவச் சாதியான மல்லா சமூகத்தைச் சேர்ந்தவர். ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலை செய்துகொண்டே அங்கே வரைவதைப் பார்த்துக் கற்றவர். அவர் வாழ்க்கையை நம் சென்னையின் தாரா பதிப்பகம் அவருடைய ஓவியங்களோடு நூலாகக் கொண்டுவந்தது. 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் கோத்னா ஓவியத்துக்காக சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்கும் கிடைத்தது. தொழுவத்து ஓரத்தில் நின்று பார்த்த என் அம்மாச்சிக்கும் துலாரி தேவிக்கும் இடையில் திறமையில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கு ஒரு கட்டத்தில் ஒரு முழுத்தாளும், சொல்லிக் கொடுக்கும் ஆளும் கிடைத்தார்கள். மற்றவருக்குக் காலண்டர் தாள்.

பதினொன்றில் இரண்டு தாள்கள் கோலம் இல்லை. ஒன்றில் தேள். மற்றொன்றில் முழங்கை வரைக்கும் நீளும் ஒரு தேர் போன்ற வடிவம். இரண்டுமே அம்மாச்சியின் கையில் பச்சையாக இருந்தவை. கோலத்தை அவர் வெளியே பார்த்து எடுத்துவந்தார், பச்சையைத் தன் தோலைப் பார்த்து வரைந்தார். சானோ தேவி செய்த அதே காரியம், யாரும் வந்து ஊக்காமல்.

அந்தப் பச்சையைக் குத்தியது யார்? “குறத்தி” என்றார். பெயர்? “குறத்திதான். வருஷத்துக்கு ஒருக்கா வருவா. கம்பு, சோளம் குடுப்போம்.” எத்தனை வருடம் வந்தார் அவர்? “எனக்குக் குத்துனது அவ, உங்கம்மாவுக்குக் குத்துனதும் அவதான்.” இருபது ஆண்டுகளுக்கு மேல் வந்துபோன ஒரு கலைஞரின் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பண்ணை வீட்டில் என் அம்மாச்சியைச் சாதிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதை எனக்குக் கோபத்தோடு சொன்ன அதே வாயிலிருந்துதான் இந்தக் “குறத்தி”யும் வந்தது. உங்க தெருவுல அவங்களுக்குத் தண்ணி குடுக்கத் தனிச் சொம்பு இருந்துச்சா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்று அம்மாச்சியின் மௌனத்தில் கேட்டேன். என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் “பச்சை குத்தும் குறத்தி ஒருவர்” என்றுதான் எழுதியிருந்தேன். ஆக நானும் அந்தப் படிக்கட்டில் ஒரு படி.

குறவர் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்துவதை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளைப் பட்டியலிட்டவர். அடுத்த இரண்டே ஆண்டில், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்று நம் ஊரில் இன்னும் பெயர். குறவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர் உடம்பில் படம் எழுதிய விரல்களை மையில் தோய்த்து அரசாங்கத் தாளில் உருட்டினார்கள். அந்தத் தாள்கள் ஆவணம். அவற்றுக்கு எண் உண்டு, அலமாரி உண்டு.

இங்கே அமெரிக்காவின் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாளை இங்கேயும் அதுதான் நடக்கும். பெருஞ்சமவெளிப் பழங்குடியினர் எருமைத் தோலில் தம் போர்களையும் வேட்டைகளையும் வரைந்தவர்கள். எருமைகள் அழிக்கப்பட்டு, மக்கள் ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்ட காலத்தில், வியாபாரிகளும் படையினரும் பயன்படுத்திய கணக்குப் பேரேடுகளில் வரையத் தொடங்கினார்கள். 1875 முதல் 1878 வரை புளோரிடாவின் மேரியன் கோட்டையில் கைதிகளாக வைக்கப்பட்டிருந்த செயென், கயோவா வீரர்கள் வரைந்தவை பேர்போனவை. குதிரைக் குளம்பின் அடியில் மாவுக்கும் சர்க்கரைக்கும் எழுதிய வெள்ளைக்காரக் கணக்கு தெரியும் தாள்களும் உண்டு. பின்னாளில் இவற்றுக்கு விலை ஏறியதும் கலைப்பொருள் வியாபாரிகள் பேரேடுகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகச் சட்டம் போட்டு விற்றார்கள். யார் எதற்குப் பின் எதை வரைந்தார் என்ற வரிசை சிதறிப்போனது.

என்னிடம் இந்தப் பதினொரு தாள்களைக் கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஒருவர் கோலம் இருக்கும் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, பின்னணியை வெள்ளையாக்கி, சணல் பைகளில் அச்சிடலாம் என்றார். இன்னொருவர் நேர் எதிர், “கிழிந்த காகிதந்தான் அழகே, வறுமையிலும் எப்படியொரு படைப்பு மனம்!” என்றார். முதலாமவர் காகிதத்தை அழிக்கிறார். இரண்டாமவர் காகிதத்தைக் கொண்டாடுகிறார். இரண்டாமவரிடம்தான் எனக்குப் பயம் அதிகம். கிழிந்த தாளில் வரைவது என் அம்மாச்சியின் பாணி இல்லை. அவருக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டதால் நோட்டு இல்லை, வாசல் மறுக்கப்பட்டதால் தரை இல்லை. நல்ல தாள் கிடைத்தபோது அதில்தான் வரைந்தார். அண்ணன் நோட்டின் பக்கங்களில் இருக்கும் கோடுகள் மற்றவற்றைவிட எவ்வளவு நிதானமானவை என்பதைப் பார்த்தாலே தெரியும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். காகிதத்தின் அருமை தெரியாத இயக்கம் இல்லை நம்முடையது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நமக்கு மறுபடி கிடைத்ததே, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய பிரதிகளை எடைக்குப் போடாமல் காத்ததால்தான். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அந்தச் சிந்தனைகளைத் தொகுத்துத் தர முடிந்தது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார், இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தில் உட்கார்ந்துதான் என்னைப் போன்றவர்கள் ஆய்வு செய்கிறோம். ஆனாலும் நாம் இன்றும் சேகரிப்பது மேடைப் பேச்சு, மாநாட்டு அறிக்கை, தலைவர் கடிதம் ஆகியவற்றை. எழுதத் தெரிந்த ஆண்களின் காகிதங்கள். எழுதத் தெரியாத பெண்கள் கையில் பென்சில் கட்டையோடு என்ன செய்தார்கள் என்று நாம் தேடவே இல்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, சிறுமலை வாழைக்கும் வாங்கியாயிற்று. எனக்கு இதற்கு ஒரு குறியீடும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தாளைப் போடும்முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். படம் இருந்தால் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். வரைந்தவர் உயிரோடு இருந்தால், இன்றைக்கே, அவர் பெயரையும் யாரிடம் பார்த்துக் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கற்றுக்கொடுத்தவர் பெயர் தெரியாது என்றால், ஏன் தெரியாது என்பதையும் எழுதுங்கள்.

அம்மாச்சி 2022இல் இறந்துபோனார். கையில் இருந்த தேளோடுதான் எரித்தோம். அதற்கு முன்பு ஒரு நாள், விற்றுவிட்ட சாக்கைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதுல பாதி தப்புக் கோலம்” என்றார்.

இப்போது அம்மா வரைகிறார். நூறு நாள் வேலை முடிந்து வந்து, காலண்டர் தாளில்தான். ஏ4 கட்டு வாங்கிக் கொடுத்தேன், அது வீணாகப் போகும் என்று பீரோவில் வைத்திருக்கிறார். போன மார்கழியில் ஒரு தாளை எடுத்து வந்து காட்டினார். அடியில் பெயரும் ஊரும் எழுதும்மா என்றேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். பெயரை எழுதினார். அடுத்து ‘காலனி’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதினார்.